வேரோடு உறவாடும் பங்கசுகளும் தீவகத்தின் நீர்ப் பற்றாக்குறையும்

யாழ்ப்பாணத் தீவகத்தில் ஆறு கிடையாது. மலை கிடையாது. ஐப்பசியில் தொடங்கும் வடகீழ்ப் பருவமழை மார்கழியுடன் ஏறத்தாழ ஓய்ந்துவிடுகின்றது. தையில் சில தூறல்கள் விழலாம். சித்திரையில் ஓரிரு மழை வந்தால் வரவு, வராவிட்டால் அடுத்த ஐப்பசி வரைக்கும் வானத்தை அண்ணாந்து பார்த்திருக்க வேண்டியதுதான். இடையிலே வீசும் சோளகக் காற்று மண்ணில் மிஞ்சியிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய எல்லா இடங்களிலும் கமக்காரனின் கவலை இதுவே.

மழைநீர் போய்ச் சேரும் இடம் நிலத்தின் அடியில் உள்ள சுண்ணாம்புக்கல். அதன் துளைகளிலும் வெடிப்புகளிலும் தேங்கும் நன்னீர், கடலடியிலிருந்து ஊடுருவி வந்துள்ள உவர்நீரின் மேல் வில்லை வடிவில் மிதந்துகொண்டிருக்கின்றது. நன்னீர் உவர்நீரை விடச் சற்றே பாரம் குறைந்தது என்பதுதான் இதற்குக் காரணம். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் ஆய்வாளர்கள் கூறும் பொதுக் கணக்கு. இந்தக் கணக்கைத் தலைகீழாக வாசிக்கும்போதுதான் அதன் பயங்கரம் தெரியும். இறைத்து இறைத்து ஓர் அடி நீரைக் குறைத்தால், கீழேயிருந்து உவர் நாற்பது அடி மேலேறி வர இடமுண்டு. துலா மிதித்து நீரிறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அந்தக் காவல் போய்விட்டது. உவராகிக் கைவிடப்பட்ட கிணறுகளைத் தீவகத்தில் தேடி அலைய வேண்டியதில்லை. நெடுந்தீவில் சாராப்பிட்டிக் கிணறுகளின் நன்னீருக்கு அத்தீவு மக்கள் கொடுக்கும் மதிப்பைப் பார்த்தாலே நிலைமை விளங்கும்.

கூடுதல் நீரை எங்கிருந்து கொண்டு வருவது என்பதைப் பற்றி எமது நாட்டில் பல தசாப்தங்களாகப் பேசியாயிற்று. இருக்கின்ற நீரைப் பயிரின் வேர் எவ்வாறு எடுத்துக்கொள்கின்றது என்பதைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசியதில்லை. வேர் தனியாக இந்த வேலையைச் செய்வதில்லை. அதற்கு ஒரு கூட்டாளி உண்டு. அந்தக் கூட்டாளியைப் பற்றியே இங்கு எழுத முற்படுகின்றோம்.

கண்ணுக்குத் தெரியாத கூட்டாளி

பங்கசு என்றதும் கமக்காரர் மனதில் தோன்றுவது நோய்தான். வெங்காயத்தில் அழுகல், மிளகாய் நாற்றில் அடியழுகல், கத்தரியில் வாடல் என்று பங்கசுகள் செய்யும் அழிவைக் கண்டவர்களுக்கு இந்த எண்ணம் இயல்பானது. பூஞ்சணம் என்பதே வெறுப்புக்குரிய சொல்லாகிவிட்டது. ஆயினும் மண்ணில் வாழும் பங்கசுகளில் ஒரு பிரிவு தாவரத்தைக் கொல்வதில்லை; தாவரத்தின் வேருக்குள் குடியிருந்து அதற்கு ஊழியம் செய்கின்றது. ஜேர்மனியத் தாவரவியலாளர் அல்பேர்ட் பேர்ணாட் பிராங்க் 1885 ஆம் ஆண்டில் இந்த உறவுக்கு 'மைக்கோரைசா' என்று பெயரிட்டார். பங்கசு, வேர் ஆகியவற்றைக் குறிக்கும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. தமிழில் வேர்ப்பங்கசு என்று சொல்லலாம். தமிழ்நாட்டின் வேளாண் நூல்களில் இதனை வேர் உட்பூசணம் என எழுதுகின்றனர்.

இந்த உறவு மிகப் பழமையானது. ஸ்கொட்லாந்தின் ரைனி என்னும் இடத்தில் கிடைத்த, ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள் பழமையான தாவரப் படிமங்களில் இவ்வகைப் பங்கசின் உருவம் தெளிவாகக் காணப்படுகின்றது. அந்தத் தாவரங்களுக்கு உண்மையான வேர் கூட அப்போது உருவாகியிருக்கவில்லை. வேர் தோன்றுவதற்கு முன்பே இந்தக் கூட்டாளி வந்து சேர்ந்துவிட்டது என்பது வியப்புக்குரியது. இன்று நிலத்தில் வாழும் தாவர இனங்களில் பத்தில் ஏழுக்கும் மேற்பட்டவை இவ்வகை உறவைப் பேணுகின்றன.

மழைக்காலத்தில் முளைக்கும் காளானைப் போல இது வெளியே தலைகாட்டுவதில்லை. மண்ணில் கிடக்கும் மிக நுண்ணிய வித்தி ஒன்று முளைத்து, இழை நீட்டி, வேரின் தோலைத் துளைத்து உள்ளே செல்கின்றது. வேரின் உட்கலங்களில் சின்னஞ்சிறு மரம் போலக் கிளைவிட்டுப் பரவுகின்றது. கொடுக்கல் வாங்கல் நடைபெறும் சந்தை அந்த நுண்கிளைகள்தாம். தாவரம் ஒளித்தொகுப்பினால் ஆக்கிய வெல்லத்தையும் கொழுப்பையும் பங்கசுக்குக் கொடுக்கின்றது. பங்கசு தனக்கு வேண்டிய கொழுப்பமிலத்தைத் தானே ஆக்கமாட்டாது, தாவரத்திடமே பெறுகின்றது என்பது 2017 ஆம் ஆண்டில்தான் உறுதிப்படுத்தப்பட்டது. தாவரம் ஆக்கும் காபனில் ஐந்திலொரு பங்கு வரை இவ்வாறு போய்விடுவதும் உண்டு. வாடகை சற்று அதிகம்தான். கிடைக்கும் கைம்மாறு அதனை ஈடுசெய்வதால் தாவரம் இந்த உறவைத் தொடர்கின்றது.

உறவை முதலில் தேடுவது யார் என்ற கேள்விக்கும் விடை கிடைத்துள்ளது. பொசுபரசுப் பஞ்சத்தில் இருக்கும் வேர், ஒருவகை இரசாயனப் பொருளை மண்ணில் கசியவிடுகின்றது. அந்தச் சைகை கிடைத்ததும் பங்கசின் இழைகள் வேகமாகக் கிளைவிடுகின்றன. இதனை 2005 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டனர். மண்ணில் பொசுபேற்றுப் பசளை தாராளமாக இருந்தால் வேர் அந்தச் சைகையைக் குறைத்துக்கொள்ளும். வயிறு நிறைந்தவன் கடன் கேட்டுப் போவதில்லை. பசளை மூட்டையைக் கணக்கின்றிக் கொட்டுகின்ற தோட்டத்தில் இந்தப் பங்கசு ஏன் மெலிந்து காணப்படுகின்றது என்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

வறட்சியில் என்ன நடக்கின்றது?

மண் காயும்போது நீர் முதலில் பெரிய துளைகளிலிருந்து வெளியேறுகின்றது. மிஞ்சுவது மண்துகள்களின் இடுக்கில், மிகச் சிறிய துளைகளில் ஒட்டியிருக்கும் ஈரம். அந்தத் துளைக்குள் வேர்மயிர் கூட நுழைய முடியாது. பங்கசின் இழையோ சில மைக்ரோமீற்றர் தடிப்பே கொண்டது. வேர்மயிரை விட மெல்லியது. ஒரு கிராம் மண்ணில் பல மீற்றர் நீளமான இழைகள் பின்னிக் கிடப்பதும் உண்டு. வேர் தொடமுடியாத ஈரத்தை அவை தொடுகின்றன. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வறட்சியில் வேர் சற்றுச் சுருங்கும், மண்ணும் சுருங்கும், இரண்டுக்கும் நடுவே காற்று இடைவெளி விழும். நீர் சில மில்லிமீற்றர் தூரத்தில் இருந்தும் வேருக்கு எட்டாத நிலை இது. அந்த இடைவெளிக்கு மேலாகப் பாலம் போடுவது இந்த இழைகளே.

இழை உண்மையிலேயே நீரைக் காவிவந்து வேருக்குக் கொடுக்கின்றதா, அல்லது வேறு வழிகளால் மட்டுமே உதவுகின்றதா என்பது நெடுங்காலமாக ஆய்வாளர்களிடையே சர்ச்சைக்குரிய விடயமாக இருந்தது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தைச் சேர்ந்தோர் காட்டு ஓட்ஸ் பயிரில் நடத்தி 2022 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடிச் சான்று தந்தது. வேர் கடக்க முடியாத, பங்கசு இழை மாத்திரம் கடக்கக்கூடிய காற்று இடைவெளிக்கு அப்பால் அடையாளமிட்ட நீரை வைத்தார்கள். அந்த நீர் பயிரின் உடலுக்குள் வந்து சேர்ந்தது.

ஆயினும் நீரைக் காவுதல் கதையின் ஒரு பகுதி மட்டுமே. தீவக மண்ணுக்கு அதைவிட முக்கியமானது பொசுபரசு என்பது எமது கருத்து. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இடப்படும் பொசுபேற்று கல்சியத்துடன் சேர்ந்து கரையாத வடிவில் இறுகிவிடுகின்றது. மண்ணில் இருக்கின்றது, பயிருக்கு இல்லை. வங்கியில் பணமிருந்தும் கணக்கு முடக்கப்பட்டவனின் நிலைதான். மண் காய்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகின்றது; ஏனெனில் பொசுபேற்று நீரின் ஊடாகவே மெல்ல மெல்ல நகர்ந்து வேரை அடைய வேண்டும். வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீற்றர் தூரத்தில் உள்ளதை வேர் எடுத்து முடித்தபின், அதற்கு அப்பால் உள்ளது வந்து சேர நெடுநாள் செல்லும். பங்கசு இழை பல சென்ரிமீற்றர் தூரம் சென்று அதனை எடுத்து வருகின்றது. வறட்சியில் வாடும் பயிர் எனக் காண்பது பல வேளைகளில் பாதி தாகமும் பாதி பசியுமாகவே இருக்கின்றது. பசி தீர்ந்த பயிர் வேரை ஆழமாக விடும். இலைத் துளைகளைத் திறந்து மூடுவதிலும் சீராக நடந்துகொள்ளும்.

உவர் மண்ணிலும் இந்தப் பங்கசு ஓரளவு கைகொடுக்கின்றது. சோடியம் அளவுக்கு மீறி இலைக்கு ஏறாமலும், பொற்றாசியம் குறையாமலும் பயிர் சமாளிப்பதற்கு அது உதவுவதாகப் பல பயிர்களில் கண்டுள்ளனர். ஆனால் உவர் கடுமையானால் பங்கசின் வித்திகளே முளைக்கமாட்டா. முற்றாக உவரேறிப்போன கரையோர வயலைப் பங்கசு மீட்டுத் தரும் என்று எவராவது கூறினால் நம்ப வேண்டாம்.

மண்ணைப் பிடித்துவைக்கும் வேலையையும் இவை செய்கின்றன. இழைகள் மண்துகள்களை வலைபோலப் பின்னிச் சிறு கட்டிகளாக்குகின்றன. அமெரிக்க விவசாயத் திணைக்கள ஆய்வாளர் சாரா ரைற் 1996 இல் பசைபோன்ற ஒரு புரதப் பொருளை இவற்றுடன் தொடர்புபடுத்தி விபரித்தார். அந்தப் பொருள் முழுவதும் பங்கசிலிருந்துதான் வருகின்றதா என்பதில் பின்னர் ஐயங்கள் எழுந்தபோதிலும், இழைகள் வளமாகப் பரவிய மண் நன்கு கட்டுண்டு ஈரத்தைக் கூடுதலாகப் பிடித்திருக்கும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. மணற்பாங்கான மண்ணில், பெய்த மழை வேர்ப் பகுதியில் நிற்காமல் நேராகக் கீழே ஓடிவிடுவதைக் கண்டிருப்பவர்களுக்கு இதன் பெறுமதி புரியும்.

எந்தப் பயிருக்கு உதவும், எதற்கு உதவாது

எல்லாப் பயிரும் இந்தப் பங்கசை ஒரே அளவில் நம்பியிருப்பதில்லை. வெங்காயம் மிகுதியாக நம்பியிருக்கும் பயிர்களில் ஒன்று. அதன் வேர் தடித்தது, கிளை குறைந்தது, வேர்மயிரும் குறைவு. தனியே விட்டால் அதனால் அதிக தூரம் தேடமுடியாது. யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயத்தைப் பற்றிப் பேசும்போது நாம் விலையையும் இறக்குமதியையும் பற்றியே பேசுகின்றோம். அதன் வேர் எவ்வளவு இயலாத வேர் என்பதைப் பேசுவதில்லை. மிளகாய், கத்தரி, தக்காளி, புகையிலை, மரவள்ளி, எள், குரக்கன், இறுங்கு என்பனவும் இந்த உறவைப் பேணுவன. உழுந்து, பயறு போன்ற அவரையினங்களுக்கு இரட்டைக் கூட்டாளிகள்: வேர்முடிச்சில் நைதரசனைப் பிடிக்கும் பற்றீரியா ஒன்று, பொசுபரசைக் கொண்டுவரும் பங்கசு மற்றொன்று. பற்றீரியாவின் தொழிலுக்கே பொசுபரசு நிறைய வேண்டியிருப்பதால் பின்னையது இல்லாமல் முன்னையதும் சோர்ந்துபோகும்.

தென்னை வேரில் வேர்மயிர் கிடையாது. அதனால் தென்னை பங்கசுக்கு மிகவும் கடன்பட்ட மரம். கேரளத்தின் காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் தென்னங்கன்றுகளுக்கென்றே வேர்ப்பங்கசுக் கலவை ஒன்றை உருவாக்கியது. பனையும் இந்த உறவைக் கொண்ட மரமே. தென் அரேபியாவின் பாலைவனங்களில் பேரீச்சந் தோட்டங்களின் மண்ணிலும் இப்பங்கசுகள் ஏராளமாகக் காணப்பட்டுள்ளன. மொரோக்கோவின் மராக்கேஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பேரீச்சங் கன்றுகளின் வறட்சி தாங்கும் ஆற்றலை இவற்றுடன் சேர்த்து ஆராய்ந்து வருகின்றனர். காத்தான்குடி வீதிகளில் பேரீச்சை நட்டுப் பராமரிக்கும் எமது சகோதரர்களுக்கு இச்செய்தி பயன்படக்கூடும். காரைநகரில் கடற்கரைக்கே பெயர் கொடுத்த சவுக்கு மரத்தின் கதை இன்னும் சுவையானது. வெறும் மணலில் அது செழிப்பதற்கு வேர்ப்பங்கசும், நைதரசன் பிடிக்கும் வேறொரு நுண்ணுயிரும் துணை நிற்கின்றன.

கோவா, பீற்றூட், முளைக்கீரை, முள்ளங்கி ஆகியன எதிர்ப்பக்கம். இவற்றின் வேரில் இப்பங்கசு குடியேறுவதில்லை, அல்லது பெயருக்கு மட்டும் இருக்கின்றது. ஒரு போகம் முழுவதும் பீற்றூட்டோ கோவாவோ செய்த நிலத்தில் பங்கசுக்கு உணவளிப்பார் இல்லை. அடுத்து அதே நிலத்தில் வெங்காயம் நட்டால் அதற்குக் கூட்டாளி குறைவாகவே கிடைக்கும். இரண்டுக்கும் நடுவே உழுந்தோ, பயறோ, பசுந்தாட் பசளைக்கான சணலோ விதைப்பது செலவில்லாத பரிகாரம். நெல் வயலிலே நீர் கட்டி நிற்கும் காலத்தில் பங்கசு ஒடுங்கும். தீவகத்தின் மானாவாரி நெல் வயல்களில் நீர் நிற்கும் காலம் குறைவு என்பதால் அங்கு பாதிப்பும் குறைவு.

பழைய வழக்கங்களும் புதிய கண்ணும்

எமது முன்னோர் பங்கசைப் பற்றி அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவதற்கு நாம் விரும்பவில்லை. அவர்கள் அறிந்திருக்கவில்லை. ஆயினும் பூவரசங் குழையையும் பனையோலையையும் தோட்டத்தில் புதைத்தார்கள். இரவில் ஆடு மாடுகளைப் பட்டியடைத்து நிலத்தை வளப்படுத்தினார்கள். ஒரு பயிரின் பின் வேறு பயிரை மாற்றி வைத்தார்கள். குழையும் ஓலையும் மண்ணின் ஈரத்தைக் காத்தன, மண் சூட்டைத் தணித்தன. பங்கசு அந்த மண்ணில் சுகமாக வாழ்ந்திருக்கும். அதேவேளை, ஆழமாகக் கொத்திப் புரட்டும் வழக்கம் அதன் இழைவலையை அறுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். எரு அளவுக்கு மிஞ்சினால் அதிலுள்ள பொசுபரசும் பங்கசை மந்தமாக்கும். பழையது என்பதால் எல்லாம் சரியென்று கொள்ளமுடியாது.

நாற்றுமேடையைப் பற்றி ஒரு வார்த்தை. மிளகாய், கத்தரி நாற்றுமேடைகளில் வைக்கோலையும் உமியையும் போட்டு எரித்து மண்ணைத் தொற்று நீக்குவது எமது நாட்டில் பரவலான வழக்கம். நோய்க் கிருமிகளை ஒழிக்க அது நல்ல வழியே. ஆனால் நெருப்புக்கு நண்பன் எது, பகைவன் எது என்று தெரியாது. மேல்மண்ணில் இருந்த வேர்ப்பங்கசும் அதிலே மாண்டுபோகும். நாற்று கூட்டாளியின்றிப் பிறந்து, வளர்ந்து, தோட்டத்துக்குப் போகின்றது. பங்கசு நாசினிகளிலும் வேறுபாடு உண்டு. பெனோமில், காபண்டசிம் வகைகள் வேர்ப்பங்கசைக் கடுமையாகத் தாக்கும்; ஆய்வுகூடங்களில் இப்பங்கசை வேண்டுமென்றே அடக்குவதற்குப் பெனோமிலையே பயன்படுத்துவர். நோய் கண்டபோது மருந்து தேவைதான். நோய் காணாதபோதும் முன்காப்பாக மண்ணில் ஊற்றுவதுதான் வீண் வேலை.

வெறிச்சோடிய நிலங்கள்

1990, 1991 ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளின்போது தீவகத்து மக்களில் பெரும்பாலானோர் ஊரைவிட்டு வெளியேறினர். பலர் திரும்பவில்லை. புங்குடுதீவிலும் வேலணையிலும் ஒருகாலத்தில் புகையிலையும் வெங்காயமும் விளைந்த தோட்டங்கள் பற்றைகளாகிக் கிடந்ததை அங்கு சென்றவர்கள் அறிவர். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, முஸ்லிம் குடும்பங்கள் வாழ்ந்த நயினாதீவு போன்ற இடங்களும் அந்த இழப்பைச் சுமந்தன.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், நீண்டகாலம் பயிரின்றி வெறுமையாக விடப்பட்ட நிலத்தில் அடுத்து விதைத்த பயிர் காரணம் தெரியாமல் நலிவடைவதை அங்குள்ள கமக்காரர் நெடுங்காலமாகக் கண்டுவந்தனர். நிலத்தில் நீர் சேமிக்கப்பட்டிருந்தது. ஆனாலும் பயிர் பொசுபரசுப் பஞ்சத்தில் நின்றது. வேர் இல்லாத நிலத்தில் வேர்ப்பங்கசு அழிந்துபோனதே காரணம் என்பது 1987 இல் வெளியான ஆய்வினால் தெளிவாயிற்று. அப்படியானால் இருபது முப்பது வருடம் கைவிடப்பட்ட தீவகத்து நிலத்திலும் அதே கதிதானா? இல்லையென்றே நாம் கருதுகின்றோம். குயின்ஸ்லாந்து நிலம் களையும் இன்றி வெறுமையாக வைக்கப்பட்டது. தீவகத்து நிலத்திலோ புல்லும் பற்றையும் முளைத்தன. அந்தப் புல்லின் வேர்களில் பங்கசு உயிர்வாழ்ந்தது. நாம் களை என்று அழைப்பது, நாம் இல்லாத காலத்தில் எமக்குரிய பங்கசுக்குச் சோறிட்ட தாவரம்.

ஆகவே ஊர் திரும்பிக் காணி துப்புரவாக்குவோர் செய்யக்கூடாத காரியம் ஒன்றுண்டு. கனரக இயந்திரத்தால் மேல்மண்ணைச் சுரண்டி ஓரத்தில் குவித்துவிட்டு, வெளிறிய அடிமண்ணில் பயிர் வைப்பதே அது. பங்கசில் பெரும்பகுதி வாழ்வது மேலே உள்ள ஓரடி மண்ணில்தான். மண் படையே மெல்லியதாக, கீழே உடனே சுண்ணாம்புக்கல் தட்டும் தீவகத்தில் இந்தத் தவறைத் திருத்த வழியில்லை. மணல் அகழ்வும் அவ்வாறே.

வெளியேறிய முஸ்லிம் மக்களில் பலர் குடியேறிய புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் குடாநாடும் இதே போன்ற நிலம்தான். மணல், அதன் அடியில் உவரின் மேல் மிதக்கும் நன்னீர், வெங்காயமும் மிளகாயும். அங்கே நீரும் பசளையும் தாராளமாகக் கொட்டிப் பயிர் செய்ததன் விளைவாகக் கிணற்று நீரில் நைத்திரேற்று ஏறியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டப் பகுதிகளிலும் இதே நோய்தான். குறைந்த நீர், குறைந்த பசளை, கூடிய வேர்ப்பலம் என்ற பாதை இரு பகுதியாருக்கும் பொதுவானது.

பைக்கற்றில் வரும் பங்கசு

2021 ஆம் ஆண்டில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தபோது, 'உயிர்ப் பசளை' என்ற பெயரில் பலவகைப் பைக்கற்றுகளும் போத்தல்களும் சந்தைக்கு வந்தன. அவ்வருடம் நவம்பரில் தடை விலக்கப்பட்டது. கமக்காரர் பட்ட நட்டம் விலக்கப்படவில்லை. சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளைக் கப்பல் ஒன்று, நோய் விளைவிக்கும் நுண்ணுயிர் பற்றிய பிரச்சினையால் ஏற்கப்படாமல் போனதும் அதே ஆண்டில்தான். வேர்ப்பங்கசு விடயத்தில் இந்த அனுபவம் மறக்கப்படலாகாது. இப்பங்கசு உயிருள்ள வேர் இல்லாமல் பெருகமாட்டாது. தயிருக்கு உறை ஊற்றுவது போலச் சட்டியில் வளர்த்து எடுக்க முடியாது. வெயிலில் கிடந்த பைக்கற்றில் உயிருள்ள வித்தி எத்தனை என்பது வாங்குபவருக்குத் தெரியாது. பல நாடுகளில் கடைகளில் வாங்கிச் சோதித்தபோது, எதிர்பார்த்த அளவு உயிர்ப்பு இல்லாத பைக்கற்றுகள் நிறையவே கிடைத்தன. இந்தியாவில் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் இதற்குத் தரநிர்ணயம் வைத்திருப்பது இதனாலேயே. வெளிநாட்டிலிருந்து பைக்குள் போட்டுக்கொண்டு வருவதும் சரியல்ல. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் மண்ணையும் உயிரிகளையும் அவ்வாறு கொண்டுவருவதைக் கட்டுப்படுத்துகின்றது.

தமிழ்நாட்டில் இத்துறை வளர்ந்த விதம் எமக்குப் படிப்பினை தரக்கூடியது. வேர்ப்பங்கசு பற்றிய முதலாவது ஆசிய மாநாடு 1988 ஜனவரியில் சென்னையில்தான் நடைபெற்றது. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதனைப் பெருக்குவதற்கு விவசாயிக்கு விளங்கும் முறையொன்றை வகுத்தது. ஒரு மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம், முப்பது சென்ரிமீற்றர் ஆழத்தில் குழி வெட்டிக் கறுப்புப் பொலித்தீன் விரிப்பர். 50 கிலோ வேர்மிக்குலைற்றும் 5 கிலோ தொற்று நீக்கிய மண்ணும் கலந்து நிரப்பி, மேற்பரப்பிலிருந்து சில சென்ரிமீற்றர் கீழே ஒரு கிலோ தாய்க் கலவையைப் பரப்பிச் சோளன் விதைப்பர். பசளை மிகச் சொற்பம்: தொடக்கத்தில் யூரியா 2 கிராம், சுப்பர் பொசுபேற்று 2 கிராம், மியூரியேற்று பொற்றாசு 1 கிராம், முப்பதாம், நாற்பத்தைந்தாம் நாட்களில் மேலும் பத்துப் பத்துக் கிராம் யூரியா. அறுபது நாளில் செடியை வெட்டி நீக்கி, வேர்களையும் நறுக்கிக் கலந்தால் 55 கிலோ கலவை கிடைக்கின்றது. ஏறத்தாழ 11,000 நாற்றுகளுக்கு அது போதும் என்பது அவர்கள் கணக்கு.

தீவகத்தில் வேர்மிக்குலைற்றுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். மணலும் மக்கிய தும்பும் கொண்டு சிறிய அளவில் முயன்று பார்க்க முடியும். தாய்க் கலவைக்கும் தூரம் போக வேண்டியதில்லை. நெடுங்காலம் கலப்பை படாத புல்நிலத்து மண்ணில், வடலியடி மண்ணில், அந்தந்தத் தீவின் சுண்ணாம்புக்கும் உப்புக் காற்றுக்கும் பழகிய பங்கசு இருக்கின்றது. நெடுந்தீவின் மேய்ச்சல் தரவைகள் இதற்கு நல்ல இடமாகலாம். வெளியிலிருந்து வரும் பங்கசை விட ஊரோடு ஒத்த பங்கசு நின்றுபிடிக்க வாய்ப்பு அதிகம். ஒரு எச்சரிக்கை: கத்தரி வாடிய தோட்டத்து மண்ணையோ, நெமற்றோட்டு முடிச்சு விழுந்த வேரையோ எடுத்தால் நோயையும் சேர்த்தே பெருக்கியவராவோம். மேட்டுநிலப் புல்லடி மண்ணே பாதுகாப்பானது. எரித்த நாற்றுமேடை ஆறியபின், விதையிடும் கோட்டின் கீழே இந்தக் கலவையை மெல்லிய படையாக இட்டு அதன்மேல் விதைத்தால், நாற்றின் முதல் வேரே கூட்டாளியைச் சந்திக்கும். தோட்டம் முழுவதற்கும் தூவுவது வீண் செலவு.

இதனால் விளைச்சல் எவ்வளவு கூடும் என்று கேட்பவருக்கு ஒற்றை இலக்கத்தில் பதில் சொல்ல முடியாது. பொசுபரசு குறைந்த, நீர் குறைந்த நிலத்தில் பயன் கண்ணுக்குத் தெரியும். பசளையும் நீரும் நிறைந்த நிலத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். எந்தப் பங்கசும் இல்லாத நீரை உண்டாக்காது; வில்லை உவராகிவிட்டால் அதற்கும் சேர்த்தே முடிவு.

தீவக மண்ணில் என்ன இருக்கின்றது என்பதைத் தீவு தீவாகப் பார்த்துப் பதிவு செய்ய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் திருநெல்வேலி விவசாய ஆராய்ச்சி நிலையமும் முன்வர வேண்டும் என்பது எமது வேண்டுகோள். அதுவரை எமது பாடசாலைகளே ஒரு தொடக்கம் செய்யலாம். வேர்ப்பங்கசைப் பார்ப்பதற்கு விலையுயர்ந்த சாயம் தேவையில்லை. வேரைப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் கொதிக்கவைத்து வெளிறச் செய்து, கழுவி, விநாகிரியில் கலந்த பேனா மையில் சில நிமிடம் கொதிக்க விட்டால், வேர்க் கலங்களுக்குள் நீல நிறத்தில் இழைகள் தெரியும். இம்முறை 1998 இல் வெளியாகி உலகெங்கும் பயன்படுகின்றது. கரைசல் தோலை அரிக்கக்கூடியது என்பதால் ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும். நுணுக்குக்காட்டி ஒன்றும் வேண்டும். வேலணையிலோ புங்குடுதீவிலோ நெடுந்தீவிலோ உயர்தர உயிரியல் மாணவர்கள், பசளை கொட்டிய தோட்டத்து வெங்காய வேரையும் அதன் வேலியோரத்துப் புல்லின் வேரையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும். ஐப்பசி மழைக்கு முன்னர் எந்த மண்ணை எடுத்து நாற்றுமேடைக்குப் போடுவது என்று தகப்பன்மாருக்கு அவர்களே சொல்லக்கூடியதாக இருக்கும்.